‘கர்நாடகம்’ எழுதிய கல்கி

ஆட்டமும் பாட்டும் பத்திரிகையில் இடம்பெறத் தக்க பொருள்தாமா என்று இன்று எவரும் கேட்பதில்லை. நாளேட்டின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவோரே நம்மில் மிகுதி. நூறாண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. 1878இல் தோன்றிய ஹிந்து பத்திரிகையும், 1882இல் தோன்றி 1899 முதல் நாளேடாக வளர்ந்த சுதேசமித்திரனும் அரசியலையே உயிர்மூச்சாகக் கொண்டவை. சபைச் சொற்பொழிவு, சட்டசபை நடவடிக்கை, காங்கிரஸ் தீர்மானம் என இவற்றுக்குப் பின்னரே நாடகக் கொட்டகையும் பந்தய மைதானமும் வந்து நின்றன.

ஆயினும் சென்னை நகரம் கேளிக்கையில் குறைந்திருக்கவில்லை. கிண்டியில் குதிரைகள் ஓடின. சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதிய மாகாணக் கிரிக்கெட் ஆட்டத்தைக் காண நகரமே திரண்டது. 1934 நவம்பர் 4ஆம் நாள், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அதே மைதானத்தில்தான் தொடங்கியது. சென்னை அணி மைசூர் அணியை அன்று ஒரே நாளில் வென்று முடித்தது.

விளையாட்டுச் செய்தி எழுதுவோருக்கு ஒரு வசதி உண்டு. ஓட்டங்களின் எண்ணிக்கையும் வீழ்ந்த விக்கெட்டுகளின் எண்ணிக்கையும் பலகையில் எழுதப்பட்டிருக்கும். எழுதுபவர் எந்த அணியின் பக்கம் சாய்ந்தாலும் அந்த எண்களை மாற்ற இயலாது. கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் அத்தகைய பலகை கிடையாது. பாடியவர் வென்றாரா தோற்றாரா என்பதை எழுதுபவரின் நேர்மை ஒன்றே சொல்ல வேண்டும். அந்த நேர்மையைத் தமிழ் வாசகர் ஒவ்வொரு வாரமும் எதிர்பார்க்கும்படி பழக்கியவர் அமரர் கல்கி. பொன்னியின் செல்வனைப் படைத்தவர் என்று அவரை நாடறியும். அதற்கு முன்னரே ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதி வந்த விமர்சகர் அவர் என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை. அவ்வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவிரிக் கரையின் செவி

1899 செப்டம்பர் 9ஆம் நாள் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம் என்ற சிற்றூரில் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தையார் ராமசாமி ஐயர், தாயார் தையல்நாயகி. செல்வம் மிக்க குடும்பமன்று. கிராமத்துப் பள்ளியிலும், மாயவரத்து நகராட்சி உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்த் திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார்.

அக்காலத் தஞ்சைத் தரணியில் இசை என்பது சீட்டு வாங்கிக் கேட்கும் பொருளாக இருக்கவில்லை. கோயில் திருவிழாவில் நாகசுரம், திருமண வீட்டில் கச்சேரி, இராமநவமிப் பந்தலில் கதாகாலட்சேபம், மார்கழி விடியலில் பஜனை என்று அது ஊரின் காற்றோடு கலந்திருந்தது. அங்கு வளர்ந்த சிறுவனுக்கு ராகத்தின் பெயர் தெரியாமற் போகலாம். நல்ல பாட்டு எது, பாசாங்கு எது என்று பிரித்தறியும் செவி வாய்த்துவிடும். இலக்கணத்தைவிடச் செவியையே பெரிதும் நம்பியவர் என்பதே கல்கியின் விமர்சனத்துக்குப் பின்னாளில் வலிமையாகவும், சிலர் பார்வையில் குறையாகவும் அமைந்தது.

1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு வந்தது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய நேரத்தில் கிருஷ்ணமூர்த்தி படிப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். தேர்வை எழுதியிருந்தால் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்திருக்கக்கூடிய இளைஞரைச் சிறைவாசம் எழுத்துத் தொழிலின் பக்கம் திருப்பியது.

நவசக்தி முதல் விகடன் வரை

1923இல் திரு.வி.க. ஆசிரியராக விளங்கிய நவசக்தியில் துணையாசிரியராகச் சேர்ந்தார். திரு.வி.க.வின் தமிழ் மேடைக்குரிய கம்பீரமும் அடுக்கடுக்கான தொடர்களும் கொண்டது. அதனருகிலேயே பணியாற்றியவர், திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்ற வேறொரு நடையைத் தமக்கென உருவாக்கிக்கொண்டது வியப்புக்குரியது. குருவிடமிருந்து தமிழ்ப்பற்றை எடுத்துக்கொண்டார். நடையை அவரிடமே விட்டுவிட்டார்.

பின்னர்த் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் சேர்ந்து, மதுவிலக்கைப் பரப்ப வெளிவந்த விமோசனம் இதழில் பணிபுரிந்தார். மதுவின் தீமையைக் கதையாகவும் நையாண்டியாகவும் சொல்லும் பயிற்சி அவருக்கு அங்கே கிட்டியது. கொள்கையைச் சொல்லும்போதும் வாசகரைச் சலிப்படையச் செய்யலாகாது என்ற பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இதற்கிடையில் 1928இல் எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கியிருந்தார். திருத்துறைப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வந்து விளம்பரத் தொழிலில் கால் ஊன்றிய வாசன், மக்கள் எதை விரும்புவர் என்று அறிந்த வணிகர். கல்கியோ, மக்கள் எதை விரும்பினால் நலம் என்று எண்ணிய தேசத் தொண்டர். 1931இல் கல்கி விகடனின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றபோது இவ்விரு மனங்களும் ஒரு கூரையின்கீழ் வந்தன. ஒருவர் வாசகரைத் தேடித் தந்தார்; மற்றவர் வந்த வாசகரை மதித்து எழுதினார். தமிழ் வார இதழின் பொற்காலம் அக்கூட்டணியிலேயே பிறந்தது.

புனைபெயரின் பொருள்

ரா. கிருஷ்ணமூர்த்திக்குக் கல்கி ஒன்றே புனைபெயரன்று. தமிழ்த் தேனீ, அகஸ்தியர் எனப் பல பெயர்களில் எழுதினார். கலை விமர்சனத்துக்கு அவர் தேர்ந்த பெயர் ‘கர்நாடகம்’. அச்சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, நம் சங்கீத மரபு. மற்றொன்று, புதுமை அறியாத பழம்பஞ்சாங்கம். தம்மைப் பழம்பஞ்சாங்கம் என்று முன்கூட்டியே கேலி செய்துகொண்டவரைப் பிறர் கேலி செய்ய இடமேது? சங்கீத சாஸ்திரம் கற்ற பண்டிதர் என்ற பட்டத்தைத் துறந்துவிட்டு, சபையின் பின்வரிசையில் அமர்ந்த சாதாரண ரசிகனாகப் பேசும் உரிமையை அப்பெயர் அவருக்கு அளித்தது.

காலமும் கனிந்திருந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றிற்று. கோயிலிலும் பிரபுக்கள் மாளிகையிலும் வாழ்ந்த கலை, சீட்டு வாங்கியவர் எவராயினும் அமர்ந்து கேட்கும் சபைக்கு வந்தது. பிரபுவுக்குப் பிடித்தால் சால்வை போர்த்துவார். பிடிக்காவிடில் பாடகரை மறுமுறை அழைக்கமாட்டார். சீட்டு வாங்கிய எளிய மனிதருக்கு அந்த அதிகாரம் இல்லை. தம் கருத்தைச் சொல்ல அவருக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. ‘ஆடல் பாடல்’ பகுதி அக்குரலாக ஒலித்தது.

அதுவரை கச்சேரிச் செய்தி பெரும்பாலும் வருகைப் பட்டியலாகவும் பாராட்டு மாலையாகவுமே இருந்தது. கல்கி கண்டதைச் சொன்னார். பாடகரின் முகச்சேட்டை, தாளத்தோடு நடந்த மல்லுக்கட்டு, பொருள் அறியாமற் சிதைக்கப்பட்ட சொற்கள், முடிவே இல்லாத சுரக்கோவைகள் யாவும் அவர் நகைச்சுவைக்கு இலக்காயின. உயர்ந்த பாட்டைக் கேட்டபோது உருகவும் அவர் தயங்கவில்லை. ராகத்தின் பெயர் அறியாத வாசகரும் அவர் எழுத்தைப் படித்து, அடுத்த கச்சேரிக்குப் போக வேண்டும் என்று எண்ணினர். இசையைப் பற்றி எளிய தமிழில் எழுத இயலும் என்பதற்கு அப்பகுதியே சான்றாயிற்று.

நாட்டியத்தைப் பற்றிய பெரும் வழக்கும் அந்நாட்களில்தான் எழுந்தது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், சதிர் என்ற கலையைக் காக்க முனைந்த ஈ. கிருஷ்ண ஐயரும் 1932இல் பத்திரிகைகளிலேயே வாதிட்டனர். கலை அழியலாகாது என்ற பக்கமே கல்கி நின்றார். பாலசரஸ்வதியின் அபிநயத்தை வியந்து எழுதினார். சபைக்கு வந்த நாட்டியம் மதிப்புப் பெற்றது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்த குலத்துப் பெண்களில் பலர் அரங்கை இழந்தனர். அன்றைய விமர்சகர் எவரும் இவ்விழப்பை முழுமையாக உணர்ந்து எழுதினார் என்று சொல்வதற்கில்லை. கல்கியும் தம் காலத்தின் பிள்ளையே.

பேசத் தொடங்கிய படங்கள்

1931இல் காளிதாஸ் வெளிவந்தது முதல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கிற்று. பேசிற்று என்பதைவிடப் பாடிற்று என்பதே பொருந்தும். நாடகக் கொட்டகையில் நடந்ததை அப்படியே படம் பிடித்து, நாற்பது ஐம்பது பாடல்களைக் கோத்து அனுப்பினர். பத்திரிகைகளுக்குப் பட முதலாளிகள் விளம்பரம் தந்தனர். விளம்பரம் தருபவரின் படத்தைக் குறை கூறுவது எந்நாளும் எளிதன்று.

1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக வேடமேற்ற பக்த நந்தனார் வந்தது. அவருக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் என்ற செய்தியே நாட்டைக் கிறங்க வைத்திருந்தது. மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் அதில் தோன்றினார். இத்தனை பெரும் பெயர்களைக் கண்டு கல்கி மயங்கவில்லை. அப்படத்தில் மனிதரைவிட மரமும் எருமையுமே சிறப்பாக நடித்திருந்தன என்ற கருத்துப்பட அவர் எழுதிய விமர்சனம் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் திரைப்பட வரலாற்று ஆசிரியர்களால் நினைவுகூரப்பட்டது. அது வெறும் கிண்டலன்று. சினிமா என்பது கண்ணுக்கு உரிய கலை. இயற்கையாக அசையும் மரமும் விலங்கும் அங்கு உயிர்பெற, நாடகப் பாணியில் விறைத்து நிற்கும் மனிதர் உயிரிழப்பர் என்ற நுட்பமான உண்மை அந்நகைச்சுவைக்குள் இருந்தது.

நீதிபதியே வழக்கில் நின்றபோது

பிறர் கலையை எடைபோட்டவர் தாமே கலை படைக்க வந்தால் என்ன நேரும்? கல்கியின் வாழ்வில் உண்மையான சோதனை இதுவே.

1938–39இல் தியாகபூமி விகடனில் தொடராக வந்தது. அதே கதையைக் கே. சுப்பிரமணியம் படமாக்கினார். படக் காட்சிகளின் புகைப்படங்களுடன் தொடர்கதை அச்சேறியது தமிழுக்குப் புதுமை. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன் நடித்த அப்படம் தேசியக் கருத்துகளுக்காகப் பின்னர் ஆங்கில அரசின் தடைக்கு உள்ளாயிற்று. படங்களை விமர்சிப்பவரின் கதையே படமாகி, அவர் எழுதும் இதழே அதற்கு மேடையும் ஆயிற்று.

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற கல்கி, அவ்வாண்டே விகடனை விட்டு விலகி, நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து ஆகஸ்ட் 1ஆம் நாள் தம் பெயரிலேயே வார இதழைத் தொடங்கினார். அதற்கான பணத்தின் ஒரு பகுதி, சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக ஆண்வேடம் ஏற்று நடித்ததால் கிடைத்தது. 1945இல் எம்.எஸ். நடித்த மீரா வெளிவந்தபோது அதன் வசனத்திலும் பாடல்களிலும் கல்கியின் கை இருந்தது. கல்கியின் மகள் ஆனந்தியும் சதாசிவத்தின் மகள் ராதாவும் வழுவூர் ராமையா பிள்ளையிடம் பயின்று இணைந்து ஆடினர்.

இந்நிலையில் எம்.எஸ். இசையைக் கல்கி புகழ்ந்தால் அது ரசிகரின் சொல்லா, பங்காளியின் சொல்லா என்ற ஐயம் எழுவது இயல்பு. அன்றே அவ்வாறு கேட்டவர் உண்டு. அவர் இலக்கியத்தின் மீதும் கேள்விகள் பாய்ந்தன. மணிக்கொடி எழுத்தாளர்கள் அவரது எழுத்தை வெறும் பொழுதுபோக்கு என்றனர். புதுமைப்பித்தன் அவர் கதைகளில் தழுவல் மலிந்திருப்பதாகக் கடுமையாகச் சாடினார். பிறரைத் தராசில் நிறுத்தியவர் தாமும் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும்.

கல்கியை இக்குற்றச்சாட்டுகளிலிருந்து முற்றும் விடுவிப்பது நம் வேலையன்று. ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்லலாம். முதலாவது, எம்.எஸ். குரலைப் பற்றிய அவர் தீர்ப்பைக் காலம் மாற்றி எழுதவில்லை. வேறு எந்த உறவும் இல்லாத லட்சக்கணக்கானோர் அதே தீர்ப்பை வழங்கினர். இரண்டாவது, தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது. 1930களின் நடுவில் பாரதியை மகாகவி எனலாமா என்ற வாதம் மூண்டபோது வ.ரா.வுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் கல்கி. அவரே பின்னாளில் பாரதிக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்ப வாசகரிடம் நிதி திரட்டினார். 1947 அக்டோபரில் ராஜாஜி அதனைத் திறந்து வைத்தார். தம் பழைய தீர்ப்பைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு திருத்தி எழுதிய விமர்சகர்கள் உலகில் அரியர்.

பாட்டின் மொழி

கல்கி கலையுலகில் நடத்திய மிகப் பெரிய போர் தமிழிசைக்கானது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டு கடைசியில், துக்கடா என்ற பெயரில், பந்தியில் பாயசத்துக்குப் பின் வரும் மோர் போல ஒதுக்கப்பட்டிருந்தது. 1941 ஆகஸ்டில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்ற தீர்மானம் சென்னைச் சபைகளிற் புயலைக் கிளப்பியது. இசைக்கு மொழி ஏது என்று ஒரு சாரார் எதிர்த்தனர்.

ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி., ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோருடன் கல்கி தமிழிசையின் பக்கம் உறுதியாக நின்றார். புதிதாகப் பிறந்த தம் இதழையே அதற்குப் படைக்கலமாக்கினார். தியாகராஜரின் கீர்த்தனைகளில் தோய்ந்தவர் அவர். தெலுங்கின் மீது பகை கொண்டவரல்லர். அவர் வாதத்தின் சாரம் எளிது. பாட்டின் பொருள் உணர்ந்து உருகும் உரிமை சீட்டு வாங்கி அமர்ந்த தமிழருக்கும் உண்டு. பொருள் தெரியாமல் தலையசைப்பதைப் பெருமை என்று கற்பிப்பது அவரை ஏமாற்றுவதாகும். ‘ஆடல் பாடல்’ எழுதிய நாள் முதல் எந்தப் பின்வரிசை ரசிகனுக்காகப் பேசினாரோ, அவனுக்காகவே இப்போதும் பேசினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. இவ்வியக்கத்தின் பயனாகவே தமிழ்ப் பாட்டு கச்சேரியின் நடுவிடத்தை நோக்கி நகர்ந்தது.

அரங்கிலிருந்து வரலாற்றுக்கு

சபைகளில் கழித்த மாலைப் பொழுதுகள் அவர் நாவல்களுக்கு உரமாயின. 1944 முதல் 1946 வரை வெளிவந்த சிவகாமியின் சபதத்தின் தொடக்கப் பகுதியிலேயே காஞ்சிபுரத்தில் ஒரு நாட்டிய அரங்கேற்றம் இடம்பெறுகிறது. சிற்பி ஆயனரின் மகள் ஆடிக்கொண்டிருக்க, சக்கரவர்த்தி மகேந்திர பல்லவர் ரசித்துக்கொண்டிருக்க, படையெடுப்புச் செய்தி வந்து ஆட்டம் நிற்கிறது. நம் ஸ்ரீபெரும்புதூரும் அடங்கிய தொண்டை மண்டலத்தை ஆண்ட மகேந்திரவர்மர், மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றியவர். கலையில் தோய்ந்த அம்மன்னரைக் கதாபாத்திரமாக்க, நாட்டிய அரங்கின் முன்வரிசை, பின்வரிசை இரண்டையும் அறிந்த ஒருவராலேயே இயன்றது. பொன்னியின் செல்வனிலும் கடம்பூர் மாளிகையில் குரவைக் கூத்தும் தேவராளன் ஆட்டமும் நடக்கும் இரவில்தான் சதியின் முதல் இழை வெளிப்படுகிறது. கல்கியின் உலகில் ஆட்டம் ஒருபோதும் வெறும் அலங்காரமன்று. நாட்டின் விதி அரங்கின் ஓரத்தில் காத்து நிற்கிறது.

1950 முதல் 1954 வரை அப்பெருங்கதையை எழுதி முடித்த கல்கி, 1954 டிசம்பர் 5ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. அலை ஓசைக்குச் சாகித்திய அகாதெமி விருது 1956இல் அவர் மறைந்த பின்னரே வந்தது. நூற்றாண்டான 1999இல் அவர் நூல்கள் நாட்டுடைமையாயின. அவர் தொடங்கிய வார இதழ் 2020இல் அச்சில் நின்றுபோயிற்று. 2022இலும் 2023இலும் பொன்னியின் செல்வன் மணிரத்னம் இயக்கத்தில் இரு பாகப் படமாகி வெளிவந்தது. படங்களை எள்ளி நகையாடிய விமர்சகரின் பெயர், எழுபது ஆண்டுகள் கழித்துத் திரையரங்கு வாயில்களில் ஒளிர்ந்தது காலத்தின் இனிய விளையாட்டு.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இரவுப் பணி முடிந்து பேருந்தில் திரும்பும் தொழிலாளர், கைபேசியில் ஒரு படத்தின் மதிப்பீட்டைப் பார்த்துவிட்டே ஞாயிற்றுக்கிழமைச் செலவைத் தீர்மானிக்கிறார். அந்த மதிப்பீட்டை எழுதியவர் யார், எவர் தந்த பணத்தில் எழுதினார் என்பது அவருக்குத் தெரியாது. ஆட்டக்களத்தின் எண்கள் பொய் சொல்வதில்லை. கலையின் களத்தில் எண்களும் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. உழைத்து ஈட்டிய காசைக் கொடுத்து உள்ளே நுழையும் எளிய மனிதருக்கு உண்மையைச் சொல்ல ஒருவர் வேண்டும் என்ற தேவை 1931இல் இருந்ததைவிடக் குறைந்துவிடவில்லை.

பத்து ஆண்டுகளாகக் கூடிப் படித்தும் விவாதித்தும் வரும் நம் இலக்கிய வட்டத்துக்கு அமரர் கல்கி விட்டுச் சென்ற செல்வம் சோழ வரலாறு மட்டுமன்று. பெரும் பெயருக்கு அஞ்சாமல் எழுதுதல், எளியவருக்கும் விளங்கும்படி எழுதுதல், தவறெனத் தெரிந்தால் தீர்ப்பை மாற்றிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அச்செல்வத்தில் அடங்கும். பொன்னியின் செல்வனை மீண்டும் எடுத்துப் படிக்கும் அன்பர்கள், அதனருகே ‘கர்நாடகம்’ எழுதிய பக்கங்களையும் தேடிப் படிப்பார்களாக.